கேம்பர்வேன் ஃபிரிட்ஜ்: ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஃபிரிட்ஜ், வாங்கிய நாளிலிருந்து பழுதாகும் நாள்வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. கேம்பர்வேனில், அதாவது தங்கிப் பயணம் செய்யும் வசதியுள்ள வேனில், இருக்கும் ஃபிரிட்ஜுக்கு அப்படிப்பட்ட வாழ்க்கை இல்லை. சில நாள் ஓடி, பல வாரம் நின்று, மறுபடி திடீரென்று முழு வேகத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பூஞ்சை, துர்நாற்றம், செத்துப்போன பேட்டரி, கெட்டுப்போன உணவு ஆகியவை பெரும்பாலும் பயணத்தின்போது உண்டாவதில்லை. வேன் சும்மா நிற்கும் நாள்களில்தான் அவை உண்டாகின்றன. அந்த நாள்களைப் பற்றிய கேள்விகளுக்கே இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

கேள்வி: பயணம் முடிந்து வந்ததும் ஃபிரிட்ஜை அணைத்துவிட வேண்டுமா, ஓடவிட வேண்டுமா?

இரண்டுமே சரியான வழிகள்தான். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தவறு. ஓட விடுவதானால் தடைபடாத மின்சாரத்தில், உள்ளே 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாதபடி, முழுமையாக ஓட வேண்டும். நிறுத்துவதானால் காலி செய்து, துடைத்து, உலர்த்தி, கதவைத் திறந்து வைத்து முழுமையாக நிறுத்த வேண்டும். அணைத்துவிட்டுக் கதவை மூடி வைப்பதும், பேட்டரி தாங்கும் வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் போவதும், “நாலு நாளில் மறுபடி கிளம்பப் போகிறோமே” என்று ஒரு பால் பாக்கெட்டையும் பாதி வெண்ணெயையும் உள்ளேயே வைப்பதும் எல்லாப் பிரச்சினைக்கும் தொடக்கம்.

அடுத்த பயணம் மூன்று நான்கு நாளுக்குள் இருந்து, வேன் நிற்கும் இடத்தில் வீட்டு மின்சார இணைப்பும் கொடுக்க முடிந்தால் ஓட விடுவதே மேல். ஒரு வாரத்தைத் தாண்டினால் அணைத்துவிடுவதை நான் பரிந்துரைக்கிறேன். இடைப்பட்ட காலத்துக்கு ஒரே விடை கிடையாது. ஃபிரிட்ஜின் வகை, நிற்கும் இடத்தின் வெப்பம், தினமும் ஒருமுறை எட்டிப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பது ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: என் வேனில் இருப்பது எந்த வகை ஃபிரிட்ஜ் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அது ஏன் முக்கியம்?

கேம்பர்வேன்களில் முக்கியமாக இரண்டு வகைகள் உள்ளன. முதலாவது, வீட்டு ஃபிரிட்ஜைப் போலவே கம்ப்ரசரால் இயங்குவது. ஆனால் 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடும். அது ஓடும்போது மெல்லிய ரீங்காரம் கேட்கும். சில நிமிடம் ஓடி, நின்று, மறுபடி ஓடும். இரண்டாவது, உறிஞ்சு முறை ஃபிரிட்ஜ். இதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. கேஸ் சுடரோ மின்சூடேற்றியோ தரும் வெப்பம்தான் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவற்றைக் குழாய்களில் சுற்ற வைத்துக் குளிரை உண்டாக்குகிறது. 1922-இல் சுவீடனில் பால்ட்சர் வோன் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய முறை இது. வீட்டு மின்சாரம், 12 வோல்ட், சமையல் கேஸ் என்று மூன்று வழிகளைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் முகப்பில் இருந்தால், அது உறிஞ்சு முறைதான். வேனின் வெளிப்பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு காற்றுத் திறப்புகள் இருப்பதும் பெரும்பாலும் இந்த வகையையே காட்டும்.

நிறுத்தி வைக்கும் விஷயத்தில் இரண்டும் முற்றிலும் வேறு வேறு. கம்ப்ரசர் வகைக்கு மின்சாரம் குறைவாகவே போதும். சோலார் பேனலோடு ஒத்துப்போகும். உறிஞ்சு முறைக்கு 12 வோல்டில் 10 முதல் 15 ஆம்பியர் வரை தொடர்ந்து தேவைப்படும். அந்த வசதி எஞ்சின் ஓடும்போது மட்டும் பயன்படுத்துவதற்காகத் தரப்பட்டது. நிற்கும் வேனுக்கானது அன்று.

பெல்டியர் முறையில் (மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகட்டால்) இயங்கும் சிறிய கூலர் பெட்டிகளும் உண்டு. அவை வெளி வெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் குறைத்துக் கொடுக்கும் என்பதால், இடைநாள்களில் உணவு வைப்பதற்கு அவற்றை நம்ப வேண்டாம்.

கேள்வி: அணைத்த பிறகு கதவை ஏன் திறந்து வைக்க வேண்டும்?

ஃபிரிட்ஜ் என்பது காற்றுப் புகாதபடி வெப்பத்தடுப்புப் போட்டுச் செய்த பெட்டி. ஓடும்போது அதன் குளிர் பூஞ்சையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. அணைத்தவுடன் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் போக வழியில்லை. இருளும் ஈரமும் மிதமான வெப்பமும் ஒன்றுசேர்ந்தால் சில நாள்களிலேயே ரப்பர் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். ரப்பரில் ஊறிவிட்ட அந்தக் கறையை முழுவதும் நீக்குவது கடினம்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அணைத்தவுடன் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். குளிரூட்டும் தகட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பனி உருகிச் சொட்டச் சில மணி நேரம் ஆகும். ஆகவே அன்றே ஒருமுறை துடைத்தால் போதாது. மறுநாள் வந்து இன்னொரு முறையும் துடைக்க வேண்டும். அந்த இரண்டாவது துடைப்புதான் பூஞ்சையை உண்மையில் தடுக்கிறது.

கதவை அகலமாகத் திறந்து போட வேண்டியதில்லை. இரண்டு விரல் இடைவெளி போதும். கேம்பர்வேனுக்கென்றே செய்யப்பட்ட பல ஃபிரிட்ஜ்களின் தாழ்ப்பாளில் இரண்டு நிலைகள் உண்டு: ஒன்று இறுக மூடுவதற்கு, இன்னொன்று சற்றே திறந்தபடி பூட்டி வைப்பதற்கு. அந்த வசதி இல்லாவிட்டால் சுருட்டிய துண்டு ஒன்றை இடுக்கில் வைக்கலாம். உறைபெட்டியின் கதவுக்கும் இதே கவனிப்பு தேவை. பெரும்பாலும் மறக்கப்படுவது அதுதான். வேனை மறுபடி நகர்த்துவதற்கு முன் கதவு இறுகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சற்றே திறந்த கதவு, முதல் வளைவிலேயே ஆடிக் கீலை உடைத்துக்கொள்ளும்.

கேள்வி: சுத்தம் செய்யச் சரியான முறை எது?

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, மென்மையான துணியால் துடைத்து, பிறகு வெறும் நீரால் ஒருமுறை துடைத்து உலர்த்தினால் போதும். தட்டுகளையும் இழுப்பறைகளையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். வேன் ஆடுவதால் சிந்தியவை தட்டுகள் செருகும் பள்ளங்களுக்குள் இறங்கியிருக்கும். வெறும் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. கதவு ரப்பரின் மடிப்புகளை மென்மையான பல்துலக்கியால் விரித்துத் துடைக்க வேண்டும். பின்சுவரின் அடியில் நீர் வடியும் சிறு துளை இருந்தால், அதைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தூர் எடுங்கள்.

உரசும் பொடி, தின்னர், வலுவான கரைப்பான்கள் ஆகியவை உட்புறப் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பூஞ்சைக்குப் பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்த வேண்டியிருந்தால் அதனுடன் வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ கலக்கவே கூடாது. அவை சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும். வேனைப் போன்ற குறுகிய இடத்தில் அது மிகவும் ஆபத்தானது.

கேள்வி: உறைபெட்டியில் கட்டியிருக்கும் பனியைக் கத்தியால் பெயர்த்தெடுக்கலாமா?

கூடாது. குளிரூட்டும் தகடு மெல்லிய உலோகம். ஒரே குத்தில் குளிர்பதன வாயு வெளியேறிவிட்டால், பழுதுபார்க்கும் செலவு புதிய ஃபிரிட்ஜின் விலையை நெருங்கக்கூடும். அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் சூடான நீரை வையுங்கள். பனி தானாகவே நெகிழ்ந்து கழன்றுவிடும்.

கேள்வி: மின் இணைப்பு இல்லாமல் பேட்டரியிலேயே ஓட விட்டால் எத்தனை நாள் தாங்கும்?

பெரும்பாலோர் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். மிதமான வெப்பநிலையில் நடுத்தர அளவுள்ள கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 முதல் 40 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி) எடுக்கும்; வெயிலில் மூடிக் கிடக்கும் வேனில் இது இன்னும் கூடும். 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான், அதாவது 50 ஆம்பியர்-மணியைத்தான், ஆயுள் குறையாமல் பயன்படுத்த முடியும். ஆக ஒன்றேகால் நாளிலிருந்து இரண்டு நாள் வரைதான் கணக்கு. அதே அளவுள்ள லித்தியம் பேட்டரி 80 ஆம்பியர்-மணிக்கு மேல் தரும் என்பதால் இரண்டு மூன்று நாள் போகலாம். உறிஞ்சு முறை ஃபிரிட்ஜை 12 வோல்டில் விட்டுவிட்டுப் போனாலோ, அந்த 50 ஆம்பியர்-மணி மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

“வோல்டேஜ் குறைந்தால் ஃபிரிட்ஜே நின்றுவிடுமே” என்று கேட்கலாம். நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் பல ஃபிரிட்ஜ்கள் 10.4 வோல்ட் அளவுக்கு இறங்கிய பிறகுதான் நிற்கின்றன. ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி முழுவதும் நிறைந்திருந்தால் 12.7 வோல்டும், பாதி நிறைந்திருந்தால் ஏறக்குறைய 12.2 வோல்டும் காட்டும், 10.4 என்பது மிகவும் காலியாகிவிட்ட நிலை. அந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, பேட்டரி தன் கொள்ளளவை நிரந்தரமாக இழக்கும். நிற்கும் வோல்டேஜை மாற்றி அமைக்கும் வசதி உங்கள் ஃபிரிட்ஜில் இருந்தால், அதை உயர்ந்த நிலையில் வையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், தனியாகக் கிடைக்கும் வோல்டேஜ் காப்புக் கருவி ஒன்றை இடையில் பொருத்துவது நல்ல முதலீடு.

கேள்வி: கூரையில் சோலார் பேனல் இருக்கிறது. கவலைப்படாமல் ஓட விடலாமா?

100 வாட் பேனல் நல்ல வெயில் அடிக்கும் நாளில் ஏறக்குறைய 30 ஆம்பியர்-மணி தரும். கம்ப்ரசர் ஃபிரிட்ஜின் தேவைக்கு இது எல்லையில் நிற்கும் அளவு. 200 வாட் இருந்து, வேன் திறந்தவெளியில் நின்றால், வெயில் காலத்தில் தொடர்ந்து ஓட விடலாம். ஆனால் வெயில் படும் இடம் என்றால் வேனும் சூடாகும். அதனால் ஃபிரிட்ஜ் அதிக மின்சாரம் எடுக்கும். நிழலில் நிறுத்தினால் பேனல் தருவது குறையும். இந்த இழுபறியை வேன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சந்திக்கத்தான் வேண்டும். மேகமூட்டம் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் நீடித்தால் கணக்கு தவறிவிடும் என்பதால், ஓட விட்ட ஃபிரிட்ஜில் கெட்டுப்போகும் உணவை வைத்துவிட்டுப் போக வேண்டாம். குடிநீர், பானங்கள் போன்றவை இருக்கட்டும். கொட்டகையில் அல்லது உறை போட்டு நிறுத்தினால் பேனலை மறந்துவிடுங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜை அணைத்துவிட்டேன், ஆனாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது. ஏன்?

முகப்பில் உள்ள பொத்தானால் அணைத்தாலும் சில ஃபிரிட்ஜ்களில் கட்டுப்பாட்டுப் பலகை சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். சிலவற்றில் கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியும். நீங்கள் காற்றோட்டத்துக்காகத் திறந்து வைத்த கதவே பேட்டரியைக் காலி செய்யும். ஆகவே நீண்ட நாள் நிறுத்துவதானால் ஃபிரிட்ஜுக்குச் செல்லும் ஃப்யூஸை எடுத்துவிடுவதோ வேனின் பிரதான பேட்டரி சுவிட்சை அணைத்துவிடுவதோ நல்லது. கேஸ் பற்றவைக்கும் பகுதியில் சிறிய உலர் பேட்டரிகள் இருந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள். கசிந்தால் தொடுமுனைகளை அரித்துவிடும்.

கேள்வி: உறிஞ்சு முறை ஃபிரிட்ஜைக் கேஸில் ஓட விட்டு, வேனைப் பூட்டிவிட்டுப் போகலாமா?

முகாமில் நீங்கள் வேனுக்கு அருகில் இருக்கும்போது அது அன்றாட வழக்கம்தான். ஆனால் யாரும் இல்லாத இடத்தில், மூடிய கொட்டகைக்குள், நாள்கணக்கில் எரியும் சுடரை விட்டுவிட்டுப் போவதற்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கி நிற்கும். சுடர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பயணம் முடிந்ததும் ஃபிரிட்ஜில் மட்டுமல்லாமல் சிலிண்டரின் வால்விலும் கேஸை மூடிவிடுங்கள்.

கேள்வி: வேன் சற்றே சரிந்த தரையில் நிற்கிறது. அதனால் ஃபிரிட்ஜுக்குக் கெடுதல் உண்டா?

அணைத்து வைத்திருந்தால் எந்த வகைக்கும் கெடுதல் இல்லை. கம்ப்ரசர் வகை ஓடிக்கொண்டிருந்தாலும் இத்தகைய சிறு சரிவைப் பொருட்படுத்தாது. உறிஞ்சு முறைதான் கவனத்துக்குரியது. அதில் திரவம் புவியீர்ப்பால் மட்டுமே திரும்பி ஓடி வருகிறது. வேன் சாய்ந்து நின்றால் திரவம் குழாயின் ஒரு மூலையில் தேங்கிவிடும். சூடேற்றும் பகுதி வறண்டு அளவுக்கு மீறிச் சூடாகும். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள் அந்தச் சூட்டில் சிதைந்து படிந்து குழாயை அடைத்துவிடும். அப்படி அடைத்த குளிரூட்டும் தொகுதியைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். இடைநாள்களில் வீட்டு மின்சாரத்தில் ஓட விடுவதானால் முதலில் நீர்மட்டப் பலகையை ஃபிரிட்ஜின் உள்தரையில் வைத்துப் பாருங்கள். மட்டம் தவறியிருந்தால் சக்கரத்தின் அடியில் பலகை வைத்துச் சரிசெய்த பிறகு ஓட விடுங்கள்.

கேள்வி: இரண்டு நாளில் மறுபடி கிளம்புகிறோம். மீதி உணவை உள்ளேயே வைக்கலாமா?

மின் இணைப்பு இருந்தால் வைக்கலாம். ஆனால் ஃபிரிட்ஜை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை; 5-க்கும் 60-க்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கதவைத் திறந்தவுடன் காற்றின் வெப்பநிலை மாறிவிடும் என்பதால் வெப்பமானியை ஒரு குவளை நீரில் அமிழ்த்தி வைத்துப் பார்ப்பதே சரியான அளவீடு. மிகக் குறைந்த, மிக உயர்ந்த அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானியாக இருந்தால் இன்னும் நல்லது.

நீங்கள் இல்லாதபோது மின்சாரம் போய், நீங்கள் வருவதற்கு முன்பே அது திரும்பிவிட்டால், ஃபிரிட்ஜ் வெளிக்கு ஒன்றும் நடக்காததுபோலவே இருக்கும். உறைபெட்டி இருந்தால் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு குவளையில் நீரை உறைய வைத்து, உறைந்த பின் அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள்; உணவை எறிந்துவிடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நோயுண்டாக்கும் கிருமிகள் பலவற்றுக்கு மணம் இருப்பதில்லை.

ஃபிரிட்ஜின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதன் காலநிலை வகுப்பு குறிக்கப்பட்டிருக்கும். ‘என்’ (N) என்றால் 32 டிகிரி வரையிலும், ‘எஸ்டி’ (ST) என்றால் 38 வரையிலும், ‘டி’ (T) என்றால் 43 வரையிலும் உள்ள சூழலுக்காக அது செய்யப்பட்டது. கடும் வெயிலில் மூடி நிற்கும் வாகனத்தின் உட்புறம் 50 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: எத்தனை முறை துடைத்தும் துர்நாற்றம் போகவில்லை. என்ன செய்வது?

முதலில் நாற்றத்தின் இருப்பிடத்தைத் தேடுங்கள்: நீர் வடியும் துளை, அதன் அடியில் உள்ள தட்டு, ரப்பரின் உள்மடிப்பு, தட்டுகளின் விளிம்புச் சட்டம். மூலத்தை நீக்காமல் மணப்பொருள் வைப்பதில் பயனில்லை. நீக்கிய பிறகு, செயல்படுத்தப்பட்ட கரியையோ சமையல் சோடாவையோ அகன்ற கிண்ணத்தில் பரப்பி உள்ளே வைத்து, பகலில் கதவையும் வேனின் சன்னல்களையும் திறந்து வையுங்கள்.

உறிஞ்சு முறை ஃபிரிட்ஜில் மூக்கைத் துளைக்கும் காரமான நெடி வந்தால் அது உணவின் நாற்றம் அன்று, அம்மோனியா கசிகிறது. பின்பக்கக் குழாய்களில் மஞ்சள் நிறப் படிவு தெரிந்தாலும் அதே பொருள்தான். உடனே அணைத்து, சன்னல்களைத் திறந்து, வேனைவிட்டு வெளியே வந்து, தொழில்நுட்பரை அழைக்க வேண்டும்.

கேள்வி: கடுங்குளிர் காலத்தில் நிறுத்தி வைக்கும்போது தனிக் கவனம் தேவையா?

உள்ளே நீர்ப்புட்டி எதையும் விடாதீர்கள், உறைந்து வெடிக்கும். உறிஞ்சு முறை ஃபிரிட்ஜின் வெளித் திறப்புகளுக்குக் குளிர்கால மூடிகள் கிடைக்கும். வெளி வெப்பம் 8 முதல் 10 டிகிரிக்குக் கீழே போகும்போது அவற்றைப் பொருத்தலாம். நிறுத்தி வைத்திருக்கும் காலத்தில் அவை தூசியையும் மழையையும் தடுக்கும். வெயில் திரும்பியதும் கழற்ற மறந்தால் ஃபிரிட்ஜின் வெப்பம் வெளியேறாது. பேட்டரியைப் பொறுத்தவரை, காலியான ஈய-அமில பேட்டரி எளிதில் உறைந்து வெடிப்பு விடும் என்பதால் அதை நிறைத்து வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

கேள்வி: பல மாதம் ஓடாமல் கிடந்தால் கம்ப்ரசர் கெட்டுவிடுமா?

கெடாது. கம்ப்ரசர் முழுவதும் அடைத்து மூடப்பட்ட அமைப்பு; சும்மா இருப்பதால் தேய்வதில்லை.

கேள்வி: அடுத்த பயணத்துக்கு எவ்வளவு நேரத்துக்கு முன் போட வேண்டும்?

கம்ப்ரசர் வகைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். உறிஞ்சு முறை மெதுவாகவே குளிரும். முந்தின நாள் மாலையே வீட்டு மின்சாரத்தில் போட்டுவிடுங்கள். வேனின் பேட்டரியால் சூடான பெட்டியைக் குளிர வைப்பதுதான் அதிகச் செலவான வேலை. குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருப்பது மலிவு. அதனால் வைக்கும் உணவும் வீட்டு ஃபிரிட்ஜில் ஏற்கெனவே குளிர்ந்ததாக இருக்கட்டும். பின்சுவருக்கும் பொருள்களுக்கும் இடையில் காற்று நகர இடம் விடுங்கள்.

நீண்ட காலம் நின்ற வேன் என்றால், பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒருநாள் ஒவ்வொரு வழியிலும் ஓட்டிப் பாருங்கள். பழுது இருந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். கதவு இடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் அந்த இடத்தில் பிடிக்கவில்லை. கேஸ் சுடர் நீலமாக, அசையாமல் எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ பற்றிக்கொள்ளாவிட்டாலோ, பெரும்பாலும் தூசியோ கரியோ சிலந்திக் கூடோ பர்னர் துளையை அடைத்திருக்கும். அதைத் திறந்து சுத்தம் செய்வதைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

கேள்வி: போட்டுப் பார்த்தேன், குளிரவே இல்லை. எதை முதலில் பார்ப்பது?

எடுத்து வைத்த ஃப்யூஸ், அணைத்த பிரதான சுவிட்ச், மூடிய சிலிண்டர் வால்வு ஆகியவை அதே நிலையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து, ஃபிரிட்ஜின் இணைப்பு முனையில், அது ஓட முயலும் நேரத்தில், வோல்டேஜை அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.6 காட்டி, ஃபிரிட்ஜில் 11-க்கு அருகில் காட்டினால் குற்றம் ஃபிரிட்ஜில் இல்லை. மெல்லிய கம்பியோ துருப்பிடித்த இணைப்போதான் வழியில் மின்சாரத்தை விழுங்குகிறது. உறிஞ்சு முறையானால் வேன் மட்டமாக நிற்கிறதா, வெளித் திறப்புகளில் மூடி இருக்கிறதா என்று பார்த்து, வீட்டு மின்சாரத்தில் ஒரு முழு இரவு ஓட விடுங்கள். மின்சூடேற்றி வேலை செய்து பின்பக்கக் குழாய் சூடாகியும் காலையில் உட்புறம் குளிராமல் இருந்தால், பழுது குளிரூட்டும் தொகுதியில் இருக்கிறது. அதற்குத் தொழில்நுட்பர் தேவை.